முடிந்த சரக்கு

மேற்கு ஓரத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று ஹக்கீம் சார் சொன்னபோது பகவதிக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. ஆடிட்டர் சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்தவர், முழங்காலில் பட்டி கட்டியிருந்தார், தூரத்தில் கிடப்பதை முதலில் பார்த்துவிட்டால் திரும்பும்போது ஆபீஸ் பக்கத்தில் வந்துவிடும் என்பது அவருடைய யோசனை, நியாயமான யோசனைதான். யார்டு சூப்பர்வைசர் தேவஇரக்கத்துக்குத்தான் அது பிடிக்கவில்லை. கிழக்கே இருந்து போனால் நிழல் கிடைக்கும் என்றார், மேற்கே முள் கிடக்கிறது என்றார், பாம்பு கிடக்கும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். ஹக்கீம் சார் சிரித்துக்கொண்டே தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார். கம்பெனிக் கணக்குக்கெல்லாம் தலைமை பகவதி, ஆடிட்டர் சரக்கைப் பார்வையிடும்போது அவள் கூடப் போகவேண்டும் என்பது முறை, ஆகவே அவளும் பின்னால் போனாள். பணகுடிக்கு வடக்கே, மலையைப் பார்த்த அந்த வெட்டவெளியில் காற்றாலை பிளேடுகள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் இரண்டு ரயில் பெட்டி நீளம். அடிப்பக்கம் வட்டமாக வாய் திறந்திருக்கும், ஆள் குனியாமல் நுழையலாம். உள்ளே போகப் போகக் கூரை இறங்கி, குனிந்து, தவழ்ந்து, பிறகு வயிற்றால் நகர்ந்துதான் போகமுடியும், திரும்ப இடம் கிடையாது, வெளியே வருகிறவனுக்குக் கால்தான் முதலில் வரும். கணவாய்க் காற்று வைகாசி பிறந்துதான் வரும். இப்போது ஓர் இலை அசையவில்லை.

நான்கு நிபந்தனை. நடக்கும்போது அவள் வாய் தானாக அதைச் சொல்லிக்கொண்டது, சிலர் படி இறங்கும்போது சாமி பேர் சொல்வதுபோல. சரக்கு நம்மிடமே கிடந்தாலும் விற்றுவிட்டது என்று எழுதலாம், வாங்கியவன் தானாகக் கேட்டு விட்டுவைத்திருந்தால், அவன் பேரில் தனியாக எடுத்துவைத்திருந்தால், வேறொருவனுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாதபடி இருந்தால், வண்டி வந்து நின்ற நிமிஷம் ஏற்றி அனுப்பத் தயாராக இருந்தால். பிளேடு வாங்கிய குஜராத்துக் கம்பெனிக்காரர்கள் தாங்களாகத்தான் கேட்டார்கள், கயத்தாறுக்கு அப்பால் அவர்கள் நிலத்தில் அஸ்திவாரம் இன்னும் இறுகவில்லை, பிளேடுகளை நீங்களே வைத்திருங்கள் என்றார்கள், அதில் பொய் இல்லை. கம்பெனிக்கு மார்ச் முடிவதற்குள் அந்த விற்பனை வேண்டும். வராவிட்டால் வங்கிக்காரன் கொடுத்த கடனை ஒரே மூச்சில் திருப்பிக் கேட்பான், கேட்டால் ஷெட்டுக்குப் பூட்டு, அதிலும் பொய் இல்லை. போன வருஷம் சூப்பர்வைசர்களைக் கூட்டி வைத்து டீயும் போளியும் கொடுத்து அவள்தான் இதையெல்லாம் விளக்கினாள். கல்யாண நகை ஆர்டர் கொடுக்கிறோம், செய்து முடித்துப் பேர் எழுதிய சீட்டைக் கட்டி ஆசாரி பெட்டியிலேயே வைத்திருக்கிறார், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்து வாங்கிக்கொள்கிறோம், அந்த நகை யாருடையது? நம்முடையது. அவ்வளவுதான் விஷயம் என்றாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தேவஇரக்கம் மட்டும் போளியை மென்றுகொண்டே, கம்மலுக்குக் கொக்கி வைக்கலேன்னா அது கம்மலா மேடம் என்று கேட்டார், சபை சிரித்தது, அவளும் சிரித்தாள். கொக்கி சின்ன வேலைதானே அண்ணாச்சி, ஒரு நாழியில் வைத்துவிடலாம் என்றாள். அப்படிச் சொன்னாளா? சொன்னாள். ஒரு நாழி என்றுதான் சொன்னாள்.

ஹக்கீம் சார் முதல் பிளேடின் வாயருகே நின்று, வட்டத்தின் ஓரத்தில் நீலப் பெயின்டில் எழுதியிருந்த குஜராத்துக் கம்பெனியின் பேரைப் படித்து, கையில் இருந்த தாளில் ஒரு டிக் போட்டார். தனியாக எடுத்துவைத்திருப்பதற்கு அந்தப் பெயின்ட்தான் சாட்சி. அந்தப் பேரை எழுதுவதற்காகத்தான் மார்ச் கடைசியில் ஷெட்டுக்குள் இருந்த பிளேடுகளையெல்லாம் ராட்சதக் கிரேன் வைத்துத் தூக்கி இங்கே வெயிலில் கொண்டுவந்து போட்டார்கள். ஷெட்டுக்குள்ளேயே கிடந்தால் தயாரிப்பில் இருக்கிற சரக்கு, யார்டுக்கு வந்துவிட்டால் முடிந்த சரக்கு. இதுவும் அவள் சொன்னதுதான். அந்தச் சனிக்கிழமை சிஸ்டத்தில் வேலைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக மூடினாள், கடைசி வரிசை பிளேடுகளில் உள்வேலை, உள்ளே ரெசின் பசை பூசுகிறது, கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று உற்பத்திப் பிரிவிலிருந்து போன் வந்தது, எவ்வளவு என்று கேட்டாள், கொஞ்சம்தான் என்றார்கள், கொக்கி என்று நினைத்தாள், நிஜமாகவே அந்த வார்த்தைதான் மனசில் வந்தது, மூடிவிட்டாள். ஒரு பட்டனை அமுக்குவது. வேலைச் சீட்டு மூடிவிட்டால் அதன் பேரில் கூலி ஏறாது, சாமான் வாங்க முடியாது. பிளேடுக்குள் ஆள் இறங்குவதற்கான பெர்மிட்டும் வராது. அது அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் சரியில்லை. சிஸ்டம் போட்ட வருஷம் அந்த ஏற்பாட்டுக்கு ஒப்புதல் கையெழுத்து போட்டவளே அவள்தான், மூடின வேலைக்கு எந்தச் செலவும் போகக்கூடாது என்று அடித்துச் சொன்னவள், பெர்மிட்டும் அதோடு சேர்ந்து நின்றுபோகும் என்பதை வாசித்திருப்பாள், வாசித்து மறந்திருப்பாள். வாசித்ததை மறப்பது குற்றமா என்று அவள் இந்த ஒரு வாரமாக யாரிடமாவது கேட்க நினைக்கிறாள். வீட்டில் கணவரிடம் கேட்கலாம், அவர் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், என்ன கேட்டாலும் மனசைப் போட்டு உழப்பாதே என்பார். அதைக் கேட்பதற்கு ஒரு கேள்வி எதற்கு.

பெர்மிட் இருந்தால் வாசல் ஆள் உண்டு. பிளேடின் வாயில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அப்படி ஒரு பேர். உள்ளே போகிறவனின் கணுக்காலில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொள்வான். காற்று அனுப்புகிற மெஷின் ஓடுகிறதா என்று பார்ப்பான். அடிக்கொரு தரம் பிளேடின் மேல்ஓட்டைத் தட்டி, உள்ளே இருப்பவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான், பேர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும், ஏலே என்று கூப்பிட்டால் கணக்கில் சேராது, உள்ளே இருப்பவன் வாயைத் திறக்காமல் இரண்டு தட்டு தட்டுவான். வாயைத் திறந்தால் ரெசின் வாசனை தொண்டைக்குள் போகும். தட்டு வராவிட்டால் கயிற்றை இழுக்கவேண்டும். இதெல்லாம் அவளுக்கு முன்னே தெரியாது. இருபது வருஷமாக இந்தக் கம்பெனியில் பிளேடுக்கு விலை போடுகிறாள், ரெசினுக்கு, கண்ணாடித் துணிக்கு, கூலிக்கு எல்லாம் தனித்தனியாகப் பைசா சுத்தமாகச் சொல்லுவாள், ஆனால் ஒருவன் உள்ளே போய் இரண்டு தட்டு தட்டுவான் என்று தெரியாது. காண்ட்ராக்ட் கூலி முப்பிடாதி செத்த பிறகு தெரிந்தது. செவ்வாய்க்கிழமை. அவள் மூடியது சனிக்கிழமை, அவன் செத்தது செவ்வாய்க்கிழமை, நடுவில் ஞாயிறு விடுமுறை, திங்கள் பிளேடை இங்கே கொண்டுவந்து போட்டார்கள், செவ்வாய் அவன் உள்ளே போனான். பெர்மிட் இல்லை, ஆகவே வாசல் ஆளுக்குக் கூலி இல்லை, ஆகவே வாசல் ஆள் இல்லை. யார்டில் கரண்ட் இல்லை, ஆகவே காற்று மெஷின் இல்லை. கயிறு இருந்திருக்கலாம், பிடிக்க ஆள் இல்லாமல் கயிறு எதற்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை என்றுதான் தேடினார்கள். உள்ளே வெகுதூரத்தில் கிடந்தான், இழுக்கவும் முடியவில்லை, கடைசியில் மேல்ஓட்டையே மெஷினால் அறுத்து எடுத்தார்கள். அறுக்கிற சத்தம் ஆபீஸ் வரை கேட்டது. என்ன வேலை நடக்கிறது, அந்த வரிசைதான் முடிந்துவிட்டதே என்று அவள் நினைத்தாள். அதுவரை அவ்வளவுதான் நினைத்தாள்.

மூச்சு. மூச்சை இழுத்து விடவேண்டும். போன ஆடியில் கழுத்து வலிக்குத் திருநெல்வேலியில் ஸ்கேன் எடுக்கப் போனாள், குழாய்க்குள் படுக்கவைத்து உள்ளே தள்ளினார்கள், மூக்குக்கு நேரே வெள்ளைக் கூரை, கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள், பயமா இருந்தா அமுக்குங்கம்மா, நாங்க வெளிய இருக்கோம் என்றது ஸ்கேன் எடுக்கிற பெண். மெஷின் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தவுடனே அமுக்கிவிட்டாள். உடனே குரல் வந்தது, இருக்கோம்மா, இருக்கோம். வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் இன்னும் இரண்டு தடவை அமுக்கினாள், பயத்தால் இல்லை, அந்தக் குரலுக்காக. முப்பிடாதி தட்டியிருப்பானா. தலை கிறுகிறுத்தபோது தட்டித்தான் பார்த்திருப்பான். இரண்டு தட்டு. வாசலில் யாரும் இல்லை என்பது தெரிந்தும் தட்டியிருப்பான். பிளேடு நீளத்துக்கு அந்தச் சத்தம் ஓடி வந்து வாய் வழியாக இந்த வெட்டவெளியில் விழுந்திருக்கும், யார் கேட்டிருப்பார்கள், மேய்கிற ஆடு கேட்டிருக்கும். பகவதி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமா மேடம் என்றார் தேவஇரக்கம், அவருக்கு முகம் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, பதிலுக்குக் காத்திராமல் ஆபீஸ் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, தள்ளிக் கிடக்கிற ஒரு பிளேடைப் பார்த்தார், பிறகு மறுபடி ஓடினார். இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று நினைத்தாள். வெயில்.

தொழிலாளர் துறை அதிகாரி வந்த அன்று எம்.டி. ரூமில் அவளும் உட்கார்ந்திருந்தாள். எம்.டி. கோயம்புத்தூர்க்காரர், குரல் உயர்த்தமாட்டார், சொல்லுக்குச் சொல் மரியாதை வைத்துத்தான் பேசுவார். அந்த பிளேடில் வேலையெல்லாம் சனிக்கிழமையே முடிஞ்சாச்சுங்க, பகவதியம்மா சிஸ்டத்துல காட்டுவாங்க என்றார். அவள் காட்டினாள், திரையைத் திருப்பி வைத்து, மூடப்பட்டது என்று பச்சையில் இருந்ததைக் காட்டினாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எம்.டி. அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"முடிஞ்ச பிளேடுக்குள்ள அவனுக்கு என்னங்க வேலை?"

நிழலுக்குப் போய்ப் படுத்திருப்பான் என்றார் மனிதவளத்துக்காரர். குடிச்சிருப்பானோ என்னவோ என்று காண்ட்ராக்டர் இழுத்தார். பகவதிக்கு அப்போதுதான் உறைத்தது. அது எம்.டி.யின் வாக்கியம் இல்லை, அவளுடையது. நான்காவது நிபந்தனையை அவர் அப்படியே திருப்பிப் போட்டுச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். பிளேடு முடிந்தது என்றால் விற்பனை உண்டு, விற்பனை உண்டு என்றால் பிளேடு முடிந்தது, பிளேடு முடிந்தது என்றால் முப்பிடாதிக்கு அங்கே வேலை இல்லை, வேலை இல்லை என்றால் அவன் வேலையில் சாகவில்லை, வேலையில் சாகவில்லை என்றால் நஷ்ட ஈடு இல்லை. ஒன்றைத் தொட்டால் ஒன்று. இவ்வளவு ஒழுங்காக ஒரு கணக்கு அவளுக்கு எப்போதும் டேலி ஆனதில்லை. பாவி மனுஷி, நீ படித்த படிப்பு ஒருத்தனைக் குடிகாரனாக்கிவிட்டது. அதோடும் விட்டாளா. கேஸ் போட்டால் கம்பெனி கொடுக்க நேருமா என்று ஒரு பட்டியல் உண்டு. கொடுக்க நேரும் என்றால் இப்போதே ஒதுக்கிவைக்கவேண்டும், நேரலாம் என்றால் அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதவேண்டும், நேர வாய்ப்பே இல்லை என்றால் ஒன்றுமே எழுதவேண்டாம். முப்பிடாதியின் பெண்டாட்டியை அவள் மூன்றாவதில் போட்டாள். ஒன்றுமே எழுதவேண்டாம்.

பேராச்சி. அவள் பேர் பேராச்சி. பதினாறாம் நாள்கூட ஆகவில்லை, கேட்டுக்கு வந்து நிற்கிறாள், காலையில் வந்து நின்றுவிட்டு உச்சிப்பொழுதுக்குப் போகிறாள், சத்தம் போடுவதில்லை, மண்ணை வாரித் தூற்றுவதில்லை, அப்படிச் செய்தாலாவது செக்யூரிட்டி ஏதாவது சொல்லி அனுப்பிவைப்பான். நேற்று பகவதியின் கார் கேட்டில் நின்றபோது கண்ணாடியருகே வந்தாள். பகவதி கண்ணாடியை இறக்கினாள், ஏன் இறக்கினாள் என்று தெரியவில்லை, கை இறக்கிவிட்டது.

"குடிக்க மாட்டாவன்னு நான் சொல்லல. பிளேடுக்குள்ள எறங்குத அன்னைக்கு அவுக குடிக்க மாட்டாவ. வேல இல்லன்னா அதுக்குள்ள ஏம்மா போறாவ?"

யாரோ சொல்லி அனுப்பி அவள் கேட்டதாகத் தெரியவில்லை. பகவதி கணக்குக்காரி என்று தெரிந்தும் கேட்டிருக்க முடியாது, சேலை நன்றாக இருந்தது, காரில் இருந்தாள், அதனால் கேட்டிருப்பாள். பாக்கிறேம்மா என்று சொன்னாள் பகவதி. எதைப் பார்ப்பாள். கண்ணாடி ஏறியபோது பேராச்சியின் விரல் அதன் ஓரத்தில் இருந்தது, நசுங்குவதற்குள் எடுத்துக்கொண்டாள். இன்று காலையும் நின்றாள். இன்று கண்ணாடியை இறக்கவில்லை, ஆடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், யார் என்று கேட்டார், தெரியல சார் என்று சொல்லிவிட்டாள். தெரியல சார். நாக்கு எவ்வளவு சுளுவாகப் புரளுகிறது.

"இது என்ன?" என்றார் ஹக்கீம் சார்.

வந்துவிட்டார்கள். பகவதி இந்த இடத்துக்கு வரவே போவதில்லை என்று நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள்போல. வரிசையை விட்டுச் சற்று விலகி அந்த பிளேடு கிடந்தது, நடுவில் அறுத்த இடத்தில் தார்ப்பாய் கட்டி, வாயில் வேப்பங்குலை செருகி, ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கிக் காய்ந்து கிடந்தது. நீலப் பெயின்டில் பேர் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஆட்கள் இதைத் தொடமாட்டேன் என்கிறார்கள், இதன் ஜோடி இரண்டையும் தொடமாட்டேன் என்கிறார்கள், மூன்று பிளேடு எடை பார்த்துச் சேர்த்த ஒரு செட், ஒன்று போனால் மற்ற இரண்டுக்கும் ஆகாது. இதைச் சேதமான சரக்கு, இங்கே கொண்டுவந்து போடும்போது கிரேன் இடித்துவிட்டது என்று சொல்லவேண்டும் என்று காலையில் எம்.டி. போனில் சொல்லியிருந்தார். சாதாரணமாகத்தான் சொன்னார், பாத்துக்கோங்கம்மா என்று. கிரேன் இடித்தது. மூன்று சொல்கூட இல்லை, இரண்டே சொல். ஸ்கேன் குழாய்க்குள் இருந்ததுபோல நெஞ்சுக்கு மேலே ஏதோ இறங்கி வந்தது. கிரேன் இடித்தது என்று சொல்வதற்குத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"இதுக்குள்ள ஒருத்தன் செத்துட்டான் சார். போன மாசம். உள்வேலை பாக்கி இருந்தது, அதைச் செய்யப் போனான். நான் சனிக்கிழமை மூடினேன். முடியாததை மூடினேன்."

சொல்லிவிட்டாள். சொன்னது காதில் விழுந்தது, வேறு யாரோ சொன்னதுபோல இருந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஹக்கீம் சார் வேப்பங்குலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், நல்ல மனுஷன்தான். பிறகு தொப்பியை மறுபடி வைத்துக்கொண்டபோது ஆடிட்டர் ஆகிவிட்டார். இந்த ஒரு செட்டை மட்டும் விற்பனையிலிருந்து எடுத்தால், மொத்த ஆர்டரில் அது ஒரு பொட்டு, எங்களுடைய வரம்புக்குக் கீழே போய்விடும், மாற்றச் சொல்லமாட்டோம், எழுதக்கூட வேண்டியதில்லை என்று பொறுமையாகச் சொன்னார். சின்னத் தொகைகளை விட்டுவிடுவது நியாயம், அவளுக்கும் அது தெரியும், எல்லாச் சில்லறையையும் பிடித்துக்கொண்டு நின்றால் எந்தக் கணக்கும் முடியாது. ஒருத்தன் செத்தது வரம்புக்குக் கீழே. அவர் அப்படிச் சொல்லவில்லை, அவர் தொகையைத்தான் சொன்னார். அவர் பேனாவின் மூடியைத் திறக்கவே இல்லை. திறக்காமலே ஒரு கேள்வி கேட்டார், கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டார்.

"முடியாம மூடினது இது ஒண்ணுதானா மேடம், இல்ல இந்த வரிசை எல்லாமா?"

எல்லாம். அந்தச் சனிக்கிழமை மூடியது எல்லாம். ஒரே மாதிரி, ஒரே பட்டன். எல்லாம் என்று சொன்னால் வரம்பு, பொட்டு எதுவும் இல்லை, விற்பனை அப்படியே அடுத்த வருஷத்துக்குப் போகும். வங்கிக்காரன் வருவான். ஷெட்டில் பூட்டு தொங்கும், முப்பிடாதியோடு வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போவார்கள். அவர்களும் வந்து கேட்டில் நிற்பார்கள், அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, இதுதானே நியாயம், இதை யோசிக்காமல் ஒருத்தி நல்லவளாகிவிட முடியுமா. மகள் மெட்ராஸில் கடைசி வருஷம் படிக்கிறாள் என்பதும் ஊடே வந்தது, வரவேண்டாம் என்றுதான் நினைத்தாள், வந்தது. எல்லாம் என்று சொன்னால்தான் முப்பிடாதி வேலைக்குப் போனவன். ஒன்று என்று சொன்னால் சொன்னதாகவும் ஆயிற்று, யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அவள் உண்மையைச் சொன்னவள். யாருக்கும் உதவாத அளவில்.

"ஒண்ணுதான் சார்," என்றாள்.

ஹக்கீம் சார் தலையசைத்தார். ஆறுதல்தான் அது, யாருக்கு என்று சொல்லமுடியாது, இரண்டு பேருக்குமாக இருக்கலாம். அடுத்த பிளேடுக்கு நடந்தார், அவளும் நடந்தாள். நாளைக்குக் கண்ணாடியை இறக்கக்கூடாது. அல்லது இறக்கி, கையில் ஏதாவது கொடுக்கலாம், தன் பணத்திலிருந்து. வாங்குவாளா? வாங்கினால் நல்லது. வாங்காவிட்டால் என்ன செய்வது. இந்த பிளேடின் வாயில் தார்ப்பாய் தொங்கியது, ஒரு மூலை மட்டும் மடங்கிக் கிடந்தது, பேர் எழுதிய இடத்தைப் பார்க்க ஹக்கீம் சார் அதை விலக்கிப் படித்தார், டிக் போட்டார். சும்மா நடந்தவர், இது எவ்வளவு கனம் இருக்கும் மேடம் என்று கேட்டுக்கொண்டே, பலாப்பழம் பார்க்கிறவர்போல விரல் முட்டியால் ஓட்டைத் தட்டினார்.

உள்ளே இருந்து இரண்டு தட்டு வந்தது.

ஹக்கீம் சார் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பகவதிக்கு முதலில் தோன்றியது முப்பிடாதி என்றுதான், பயந்துபோன மனசு அப்படித்தான் ஓடும். அப்புறம்தான் மேற்கு ஓரம், பாம்பு, வேர்வை, திரும்பிப் பார்த்துக்கொண்டே தேவஇரக்கம் ஓடியது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஆடிட்டர் கிழக்கிலிருந்து வருவார், இங்கே வந்து சேர்வதற்குள் ஆளை வெளியே எடுத்துவிடலாம் என்று விடியலிலேயே இறக்கியிருக்கிறார்கள். ஒரு நாழி வேலை. தூரத்தில் தேவஇரக்கம் தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார். பகவதி தார்ப்பாயைத் தூக்கிவிட்டு உள்ளே தலையை நுழைத்தாள். சூடு முகத்தில் அறைந்தது, அழுகின வாழைப்பழமும் நகப்பாலீஷும் கலந்த மாதிரி ஒரு வாசனை கண்ணைக் கரித்தது. இருட்டு. நல்ல இருட்டு, அதன் கடைசியில் டார்ச் வெளிச்சமோ என்னவோ ஒரு மஞ்சள் பொட்டு. வாசலில் ஸ்டூல் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும். வந்து நின்ற தேவஇரக்கத்திடம் பேர் என்ன என்று கேட்டாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, காண்ட்ராக்டர் புதுசா அனுப்பின ஆளு மேடம், பேரு கேக்கலயே என்றார். மூடின வேலைக்கு எந்தத் தாளில் பேர் இருக்கும். அவளுக்குத் தெரிந்த பேர் ஒன்றுதான் இருந்தது.

"முப்பிடாதி," என்று கூப்பிட்டாள். "முப்பிடாதி, வெளிய வாப்பா."

சத்தம் அந்த நீளத்துக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தது. தட்டு வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள், ஓட்டை உள்ளங்கையால் அடித்தாள், வளையல் உடைந்தது. வெகுநேரம் கழித்து ஒரு தட்டு, இடைவெளி விட்டு இன்னொன்று, முன்னைவிட மெதுவாக. பிறகு துணி உரசுகிற சத்தம், ஆள் பின்வாங்கி நகருகிற சத்தம், நின்று நின்று வந்தது. பகவதி தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்று ஒரு எண்ணம். பின்னால் ஹக்கீம் சார் நின்றுகொண்டிருந்தார், அவர் மூச்சுவிடுவது கேட்டது.

"எழுதிக்கோங்க சார்," என்றாள் திரும்பாமலே. "எல்லாமேதான்."

பேனா மூடி திறக்கிறதா என்று அவள் காது கொடுக்கவில்லை, காது முழுக்க உள்ளே இருந்தது. இருக்கோம்ப்பா, இருக்கோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மஞ்சள் பொட்டு மறைந்தது. இருட்டுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு கால் வெளிச்சத்துக்கு வந்தது, ரெசின் பிசுக்குப் பிடித்த, சின்ன வயசுக்காரனுடைய கால். கணுக்காலில் கயிறு இல்லை.